25 கோர்ஸ் பந்தி: டேஸ்டிங் மெனு உணவகத்துக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

கல்யாணப் பந்தியில் உட்காருகிற யாரும் மெனு கார்டு கேட்பதில்லை. இலை விழும், தண்ணீர் தெளிப்போம், அப்புறம் உப்பு, ஊறுகாய், இனிப்பு, கூட்டு என்று ஒவ்வொருவராக வந்து வைத்துவிட்டுப் போவார்கள். எதற்குப் பின் எது, சாம்பாருக்கு அப்புறம் எவ்வளவு நேரத்தில் ரசம் என்பதெல்லாம் பரிமாறுபவர் கையில். வந்ததை வந்த சூட்டில் சாப்பிடுவது மட்டும்தான் நம் வேலை.

பார்சிலோனாவிலும் பாங்காக்கிலும் சிகாகோவிலும் டேஸ்டிங் மெனு என்ற பெயரில் நடப்பது ஏறக்குறைய இதேதான். 20, 25 ஐட்டம், எல்லாம் ஒரு வாய் இரண்டு வாய் அளவு, வரிசையைச் சமையலறை தீர்மானிக்கும். ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே சாப்பாடு நம்மோடு விளையாடும். ஆலிவ் மாதிரி தெரிவது ஆலிவ் சாறு நிரம்பிய நீர்க்குமிழியாக இருக்கும். கரித்துண்டு போலக் கறுப்பாக வருவதைக் கடித்தால் உள்ளே மீன் இருக்கும். முதல்முறை போகிற நம்மவர்கள் எந்தக் கையில் ஃபோர்க் பிடிப்பது என்று கவலைப்படுகிறார்கள். அது பெரிய விஷயமே இல்லை. கவனிக்க வேண்டியவை வேறு.

எங்கே போவது

இந்த விளையாட்டுச் சமையலின் தாய்வீடு ஸ்பெயினின் கத்தலூனியாக் கடற்கரையில், ரோசஸ் ஊருக்குப் பக்கத்தில் இருந்த எல்புல்லி. ஃபெரான் அத்ரியா நடத்தியது. 2011இல் மூடிவிட்டார்கள். ஆனால் அங்கே கற்றவர்கள் உலகமெல்லாம் கடை விரித்திருக்கிறார்கள். அங்கே வேலை பார்த்த மூன்று பேர் சேர்ந்து 2014இல் பார்சிலோனாவில் திறந்ததுதான் டிஸ்ஃப்ருத்தார். நீனோத் மார்க்கெட்டுக்கு எதிரே இருக்கிறது. 2024இல் உலகின் 50 சிறந்த உணவகங்கள் பட்டியலில் முதலிடம் பிடித்தது. கொல்கத்தாவில் பிறந்த ககன் ஆனந்தும் எல்புல்லியில் பயிற்சி எடுத்தவர்தான். பாங்காக்கில் அவர் 2010இல் ஆரம்பித்த உணவகம் ஆசியப் பட்டியலில் 2015 முதல் 2018 வரை தொடர்ந்து முதலிடத்தில் இருந்தது. அதை 2019இல் மூடிவிட்டுப் புதிதாக ஒன்று திறந்தார். அது 2025இல் மறுபடி முதலிடம் பிடித்தது. இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு பிரே கிராமத்தில் ஹெஸ்டன் புளூமென்தாலின் ஃபேட் டக். அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு சிகாகோவின் அலினியா.

என்னைக் கேட்டால், எடுத்த எடுப்பில் அங்கே போய் நிற்க வேண்டாம். சென்னையில் ஐடிசி கிராண்ட் சோழாவில் அவர்த்தனா இருக்கிறது. அதே பெயரில் கொழும்பிலும் ஒன்று உண்டு. தென்னிந்தியச் சுவைகளை வைத்துக்கொண்டு டேஸ்டிங் மெனு போடுகிறார்கள். அங்கே தக்காளி ரசம் தெளிந்த நீராக காக்டெயில் கிளாஸில் வரும். கண்ணுக்கு ஒன்றுமே இல்லை, நாக்குக்கு முழு ரசம். சுவை தெரிந்ததாகவும் உருவம் தெரியாததாகவும் இருப்பதால் விளையாட்டு சட்டென்று பிடிபடும். மூலச் சுவையே பழக்கமில்லாத இடத்தில் செஃப் எதைக் கிண்டல் செய்கிறார் என்றே நமக்குப் புரியாது. இந்த ஒரு காரணத்துக்காகவே பாங்காக்கை பார்சிலோனாவுக்கு முன்னால் வைப்பேன். ககன் ஆனந்தின் தயிர்க்குமிழி வாயில் உடையும்போது சாட் தின்ற நாக்குக்கு உடனே ஒரு அடையாளம் தட்டும்.

புக்கிங்

பயணத்தை முடிவு செய்துவிட்டு மேஜை தேடினால் கிடைக்காது. மேஜை கிடைத்த தேதிக்கு விமான டிக்கெட் போடுங்கள். பல இடங்களில் மாதக்கணக்கில் முன்னால் திறப்பார்கள், திறந்த சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். சில இடங்களில் சினிமா டிக்கெட் போல முழுப் பணத்தையும் முன்பே கட்ட வேண்டும். அலினியா இந்த வழக்கத்தை ஆரம்பத்திலேயே கொண்டுவந்த கடைகளில் ஒன்று. ரத்து செய்தால் பணம் திரும்புமா, தேதி மாற்றலாமா, டிக்கெட்டை வேறொருவருக்குக் கொடுக்கலாமா என்பதை அட்டை எண்ணைத் தட்டுவதற்கு முன் படித்துவிடுங்கள். காத்திருப்போர் பட்டியலில் பெயர் போடத் தயங்காதீர்கள். கடைசி வாரத்தில் இடம் விழுவது சகஜம். மதிய உணவு இருக்கிறதா என்றும் பாருங்கள். நிறைய இடங்களில் மெனு ஒன்றுதான், மதியத்துக்குப் போட்டி கொஞ்சம் குறைவு.

'வெஜிடேரியன்' என்று ஒரு வார்த்தை எழுதினால் போதாது

நான் சூடு கண்டது இதில்தான். என் அத்தையை ஐரோப்பாவில் ஒரு உணவகத்துக்கு அழைத்துப் போனேன். பெயர் வேண்டாம். அத்தை சைவம். புக்கிங் படிவத்தில் 'வெஜிடேரியன்' என்று ஒரு சொல் எழுதிவிட்டு நிம்மதியாக இருந்தேன். மூன்றாவதாகத் தெளிந்த சூப் ஒன்று வந்தது. அத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, "இதுல கருவாட்டு வாசனை வருதேடா" என்றார். விசாரித்தால், உலர்த்திய மீன் சீவலில் இறக்கிய ஜப்பானியச் சாறு. பரிமாறியவர் நிஜமாகவே குழம்பிப்போனார், அவர் கணக்கில் அதில் இறைச்சி இல்லை. மன்னிப்புக் கேட்டு வேறு கொண்டுவந்தார்கள். ஆனால் அத்தை அதற்கப்புறம் ஒவ்வொரு தட்டையும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைத்தார். சரி, என் தப்பு.

ஆகவே நீட்டி எழுதுங்கள். மீன் கூடாது, மீன் சாறும் கூடாது. கோழி, மாடு, பன்றி எலும்பு வேகவைத்த சாறு கூடாது. முட்டை பரவாயில்லையா இல்லையா என்று தனியாகச் சொல்லுங்கள். ஜெலட்டினை மறக்கவே கூடாது. இந்த வகைச் சமையலில் ஜெல்லி, நுரை, ஒளி ஊடுருவும் தாள் போன்றவை நிறைய வரும். அவற்றைக் கெட்டிப்படுத்துவது பல சமயம் ஜெலட்டின், அதாவது மாடு அல்லது பன்றியின் தோலிலும் எலும்பிலும் எடுப்பது. கடற்பாசியிலிருந்து வரும் அகர் அகர் இருக்கிறது, நாம் சைனா கிராஸ் என்போம். முன்கூட்டிச் சொன்னால் மாற்றிக் கொடுக்க முடியும். பார்மிஜானோ சீஸைக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறையால்தான் உறைய வைக்கிறார்கள். அதுவும் கூடாதென்றால் அதையும் எழுதுங்கள்.

மது தொடாதவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கிளாஸில் வேண்டாம் என்றால் மட்டும் விஷயம் முடியாது. ஃபேட் டக்கின் புகழ்பெற்ற தொடக்க ஐட்டம் ஒன்று, கிரீன் டீயும் எலுமிச்சையும் கலந்த நுரையை மேஜையருகிலேயே திரவ நைட்ரஜனில் முக்கிக் கொடுப்பது. அந்த நுரையின் செய்முறையில் வோட்கா உண்டு. சாஸில் ஒயின், இனிப்பில் ரம் எல்லாம் சாதாரணம். 'சமையலிலும் மது வேண்டாம்' என்று தனி வரியாக எழுதுங்கள்.

நிலக்கடலை, இறால் ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் எழுதுங்கள், முதல் வரியே அதுவாக இருக்கட்டும். இத்தனையையும் புக்கிங் செய்யும்போதே எழுதி, போவதற்கு ஒரு வாரம் முன்பு மறுபடி ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஒவ்வொரு ஐட்டத்துக்கும் முதல்நாளே வேலை தொடங்கிவிடும். மேஜையில் உட்கார்ந்தபின் "வெங்காயம் பூண்டு இல்லாமல்" என்றால் அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது. சில இடங்களில் சைவ மெனுவே கிடையாது. அவர்களே சொல்லிவிடுவார்கள். அங்கே போகாதீர்கள், அவ்வளவுதான். கார்த்திகை விரதம், ஐயப்பன் மாலை நாட்களில் புக்கிங் விழுகிறதா என்று காலண்டரையும் ஒருமுறை புரட்டிவிடுங்கள்.

பணம்

ஐரோப்பாவில் இந்தத் தரத்து மெனு ஆளுக்கு 300 யூரோவை ஒட்டியோ தாண்டியோ போகும். ஒயின் ஜோடி தனி. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பானம் என்று தரும் அந்த ஏற்பாடு, மெனு விலையில் பாதிக்கு மேலேயே வரலாம். மதுவில்லா ஜோடியும் பல இடங்களில் உண்டு. பழச்சாறு, தேநீர், புளிக்கவைத்த பானங்கள் என்று அதில் நிறைய யோசித்திருப்பார்கள், என் வரையில் அதுதான் சுவாரசியம். இரண்டு பேர் போனால் ஒரு ஜோடி வாங்கிப் பகிரலாமா என்று கேளுங்கள், கேட்பதில் கௌரவக் குறைச்சல் இல்லை.

பாங்காக்கில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி தெரியும். 10 சதவீத சேவைக் கட்டணமும் 7 சதவீத வரியும் அதற்கு மேல் சேரும் என்று அர்த்தம். அமெரிக்காவில் 20 சதவீதம் சேவைக்கென்று போய்விடும். அது பில்லிலேயே இருக்கிறதா பார்த்துவிட்டு டிப்ஸ் எழுதுங்கள், இல்லாவிட்டால் இரண்டு முறை கொடுப்பீர்கள். ஸ்பெயினில் டிப்ஸை யாரும் எதிர்பார்த்து நிற்பதில்லை. நம் ஊர் நட்சத்திர ஹோட்டல்களில் 18 சதவீத ஜிஎஸ்டியை மனதில் கூட்டிக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டிலுக்கும் காசு உண்டு.

அன்றைக்கு

காலையில் இட்லி, மதியம் ஒரு தயிர்சாதம், அவ்வளவு போதும். பட்டினியாகப் போகாதீர்கள். பசி முற்றியவர்கள் முதலில் வரும் பிரெட்டையும் வெண்ணெயையும் காலி செய்துவிட்டுப் பதினைந்தாவது ஐட்டத்தில் மூச்சு வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு வாய் ஒரு வாயாக வந்தாலும் கணக்கு கூடிக்கொண்டே போகும். "இதிலே என்ன வயிறு நிறையும்" என்று கிண்டல் செய்பவர்கள் பெரும்பாலும் போகாதவர்கள்.

சென்ட், அத்தர், தலையில் கனமான மல்லிகை எல்லாம் அன்று வேண்டாம். பாதி சுவை மூக்கில் இருக்கிறது, பக்கத்து மேஜைக்காரரின் மூக்கும் அதில் சேர்த்தி. உடையில் யாரும் கோட் சூட் எதிர்பார்ப்பதில்லை. சேலை, வேட்டி தாராளமாகக் கட்டலாம். நீளமான முந்தானையை மட்டும் செருகிக்கொள்ளுங்கள், மேஜைமேல் நெருப்பும் புகையும் வரும்.

நேரத்துக்குப் போங்கள். பாங்காக்கில் ககன் ஆனந்தின் கவுண்டரைச் சுற்றி 14 பேர்தான் உட்கார முடியும். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஆரம்பம், ஒரே நேரத்தில் முடிவு. அசல் பந்தி. தாமதமாக வருகிறவருக்காக இலை காத்திருக்காது.

மேஜையில்

உட்கார்ந்ததும் ஒருவர் வந்து கதை சொல்ல ஆரம்பிப்பார். ககன் ஆனந்தின் கடையில் மெனு அட்டையில் எழுத்தே இல்லாமல் வெறும் எமோஜிகள் இருக்கும், ஐட்டத்துக்கு ஒரு பொம்மை. எது என்ன என்று சாப்பிட்டபிறகுதான் சொல்வார்கள். கூகுளில் தேடிப் பதில் கண்டுபிடித்துவிட்டுப் போகிறவர்கள் விடுகதையின் விடையை முதலில் படித்தவர்கள் மாதிரி. ஒவ்வாமைக்கான விவரத்தைத் தவிர வேறெதையும் முன்கூட்டித் தேடாதீர்கள் என்பேன்.

பரிமாறுபவர் சொல்லும் குறிப்பில் மூன்று விஷயத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: கையாலா கரண்டியாலா, ஒரே வாயா இரண்டு வாயா, உடனேயா பொறுத்தா. பொருள்களின் பெயர்களைத் தவறவிட்டால் பரவாயில்லை, கடைசியில் அச்சிட்ட மெனு தருவார்கள்.

ஒரே வாய் என்றால் ஒரே வாய்தான். ஏன் என்று அந்தத் தயிர்க்குமிழியை வைத்துப் பார்க்கலாம். பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் என்ற பொடியைத் தண்ணீரில் கரைத்து வைக்கிறார்கள். தயிரில் இயல்பாகவே கால்சியம் இருக்கிறது. ஒரு ஸ்பூன் தயிரை அந்தத் தண்ணீரில் மெல்ல இறக்கினால், இரண்டும் தொடும் இடத்தில் மட்டும் மெல்லிய தோல் படியும். கொஞ்ச நேரத்தில் எடுத்து, வெறும் தண்ணீரில் அலசி, ஸ்பூனில் வைத்தால் முட்டையின் மஞ்சள் கரு போலத் தளதளவென்று நிற்கும். உள்ளே முழுக்கத் திரவம். எல்புல்லியின் திரவ ஆலிவும் இதே வித்தைதான். பாதி கடித்தால் மீதி சட்டையில். நான் சட்டையில் வாங்கியவன். ஸ்பூனோடு வாய்க்குள் விட்டு, உதட்டை மூடி, நாக்கால் மேலண்ணத்தில் அழுத்துங்கள். பானிபூரி சாப்பிடத் தெரிந்தவருக்கு இதில் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை.

சில ஐட்டங்களுக்குப் பிரத்யேக விதி உண்டு. ஃபேட் டக்கின் சூடும் குளிருமான தேநீரில், ஒரே கிளாஸின் ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர். இரண்டும் மிக இளகிய ஜெல் என்பதால் சட்டென்று கலப்பதில்லை. வைத்த கோணத்திலேயே எடுத்துக் குடிக்க வேண்டும். திருப்பினால் போச்சு. அலினியாவின் பச்சை ஆப்பிள் பலூன், ஹீலியம் நிரப்பிய மிட்டாய். முத்தமிடுவது போல உதட்டை வைத்து உறிஞ்சினால் குரல் கீச்சென்று மாறும். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கூந்தலைக் கட்டிக்கொண்டு செய்யுங்கள், பிசுபிசுவென்று ஒட்டும். நைட்ரஜனில் தோய்த்தது எதுவானாலும் பரிமாறுபவர் "இப்போது" என்று சொன்னபிறகு மட்டும் வாயில் போடுங்கள். திரவ நைட்ரஜனின் வெப்பநிலை மைனஸ் 196 டிகிரி. இதில் அவசரத்துக்கு இடமில்லை.

எதைத் தின்னலாம், எது அலங்காரம்? இது தெரியாமல் முழிக்காத ஆளே கிடையாது. டிஸ்ஃப்ருத்தாரில் கறுப்பு எள் நிரம்பிய கிண்ணத்தை ஆட்டுவார்கள். மண்ணுக்குள்ளிருந்து முளைப்பது போல பீட்ரூட் உருண்டைகள் மேலே வரும். கையில் எடுத்தால் காற்று போல லேசு. ஸ்பெயினின் முகாரிட்ஸ் உணவகத்தில் கூழாங்கல் போலவே ஒன்றைக் கொண்டுவந்து வைத்ததுண்டு. அது உண்ணத்தக்க களிமண் பூசிய உருளைக்கிழங்கு. இன்னொரு கடையில் கல் நிஜமாகவே கல்லாக இருக்கும். "இதைச் சாப்பிடலாமா?" என்று கேட்டுவிடுங்கள். தினம் நூறு முறை கேட்கும் கேள்வி அவர்களுக்கு, பல்லைவிடக் கூச்சம் பெரிதில்லை.

விளையாட்டுக்குப் பின்னால் கொஞ்சம் அறிவியலும் இருக்கிறது. ஃபேட் டக்கில் கடல் உணவு ஒன்றோடு ஒரு சங்கைக் கொடுப்பார்கள். உள்ளே சின்ன மியூசிக் பிளேயர், அதன் இயர்ஃபோனைக் காதில் மாட்டினால் அலையும் கடற்பறவையும் கேட்கும். ஆக்ஸ்ஃபோர்டின் சார்லஸ் ஸ்பென்ஸ் செய்த சோதனை இதற்கு உறவு. சிப்ஸ் கடிக்கும் சத்தத்தை ஹெட்ஃபோனில் கூட்டிக் கொடுத்தால், அதே சிப்ஸ் இன்னும் மொறுமொறுப்பாகத் தோன்றுகிறது. அந்த ஆய்வுக்கு 2008இல், சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் இக் நோபல் பரிசு கிடைத்தது. அதனால் ஹெட்ஃபோன் கொடுத்தால் மாட்டிக்கொள்ளுங்கள். அதைக் கழற்றி வைத்துவிட்டு மீனை மட்டும் சாப்பிட்டால் பாதி ஐட்டத்தைத் திருப்பி அனுப்பியதாகத்தான் கணக்கு.

கையால் சாப்பிடச் சொல்லும் இடத்தில் நமக்குப் பிறவி லாபம். ககன் ஆனந்தின் கடையில் தட்டில் பூசிய ஒன்றை நாக்கால் நக்கச் சொல்லி, ராக் பாட்டு அதிரவிடுவது வழக்கம். பக்கத்தில் இருப்பவர்கள் கூச்சப்படுவார்கள். பாயசத்தை இலையில் வழித்த ஆளுக்கு என்ன கூச்சம்.

பிடிக்காதது வந்தால்? ஒரு வாய் முயன்று பாருங்கள், முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். 25இல் நாலைந்து பிடிக்காமல் போவது இயல்பு. ஏன் சாப்பிடவில்லை என்று கேட்பார்கள். அவர்களுக்கு உண்மை வேண்டும், "நன்றாக இருந்தது" என்று மழுப்ப வேண்டியதில்லை. போதும் என்றால் அதையும் சொல்லலாம். அத்தைக்கு ஒயின் ஊற்ற வந்தபோது அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, இலைமேல் குறுக்கே நீட்டுவது போல இரண்டு கையையும் கிளாஸ்மேல் நீட்டினார். பரிமாறியவருக்குச் சட்டென்று புரிந்தது. பதினெட்டாவது கிண்ணம் வந்தபோது மட்டும் என் பக்கம் குனிந்து, "இத்தனை பாத்திரத்தையும் யாருடா தேய்ப்பா?" என்று கேட்டார். அந்த ராத்திரியில் யாரும் கேட்காத நல்ல கேள்வி அது.

போட்டோ எடுக்கலாம், ஃபிளாஷ் வேண்டாம், ஒன்றுக்கு மேல் வேண்டாம். நுரை இறங்குவதற்கு ஒரு நிமிடம் போதும், மொறுமொறுப்பும் அப்படித்தான். கழிப்பறைக்கு எழுந்தால் பரிமாறுபவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். நீங்கள் திரும்பும்வரை அடுத்த தட்டை நிறுத்தி வைப்பார்கள். சொல்லாமல் போனால் அது சமையலறையில் ஆறிக்கொண்டிருக்கும், அல்லது புதிதாகச் செய்ய வேண்டிவரும்.

முடிந்ததும்

சமையலறையைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். பெரும்பாலும் சந்தோஷமாகக் காட்டுவார்கள். அச்சிட்ட மெனுவைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், மறுநாள் காலையில் எது எது என்று அதைப் பார்த்துத்தான் ஞாபகம் வரும். மிச்சத்தைக் கட்டித் தரச் சொல்லாதீர்கள், கட்டித் தரும்படி எதுவும் மிஞ்சாது. கடைசியில் காபியோடு வரும் சாக்லேட் மட்டும் விதிவிலக்கு, அதைச் சில இடங்களில் பெட்டியில் போட்டே தருவார்கள்.

மொத்தம் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது, நாலும் ஆகலாம். ராத்திரி சாப்பாடு என்றால் வெளியே வரும்போது நள்ளிரவை நெருங்கும். பிரே போன்ற கிராமத்தில் அந்த நேரத்தில் தெருவில் வண்டி கிடைக்காது, மெய்டன்ஹெட் ஸ்டேஷனுக்கு டாக்ஸியை முதலிலேயே சொல்லி வையுங்கள். பாங்காக்கிலிருந்து சென்னைக்கு ராத்திரி விமானம் இருக்கிறதே, சாப்பிட்டுவிட்டு நேராக ஏறிவிடலாம் என்று திட்டம் போடுகிறவர்கள் உண்டு. வேண்டாம். இருபதாவது ஐட்டத்தில் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பிப்பீர்கள், கடைசி ஐந்து தட்டும் வாயில் எப்படி இருந்தது என்றே தெரியாது.